ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்

மருத்துவ வழக்கு எதுவானாலும் கேஸ் ஷீட்டைத் தொடுவதற்கு முன் பில்லைப் படிப்பது என் வழக்கம். கேஸ் ஷீட்டில் மருத்துவமனை தான் என்ன செய்ததாகச் சொல்கிறது என்பது இருக்கும். எதற்கெல்லாம் காசு வாங்கியது என்பது பில்லில் இருக்கும். நுகர்வோர் வழக்கில் நமக்குப் பிடிமானம் தருவது பில்தான்.

ஒரு பிரசவ வழக்கின் பில்லில், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கும் கீழே ஒரு வரி: 'ஜிபிஎஸ் கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி'. பிரசவம் நடப்பதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி. கேஸ் ஷீட்டின் முதல் தாளில் 'ஜிபிஎஸ் பாசிட்டிவ்' என்று இருந்தது. கல்ச்சர் முடிவு அது. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி முடிவு எங்கே? மருத்துவமனை கொடுத்த நகல்களை இரண்டு முறை புரட்டினேன். இல்லை.

2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. தென் மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியையாக இருந்த இளம்பெண், அவர் கணவர், அந்தப் பெண்ணின் அம்மா, மூவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தலைப்பிரசவம். நல்ல பெயருள்ள பெரிய தனியார் மருத்துவமனை. சுகப்பிரசவம், ஆண் குழந்தை, மூன்று கிலோ. மறுநாள் காலையிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை.

"முனகிக்கிட்டே இருந்தான் மேடம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். கேஸா இருக்கும், தோள்ல போட்டுத் தட்டுங்கன்னாங்க" என்றார் அந்தப் பெண்.

பச்சைக் குழந்தை மூச்சுக்கு மூச்சு முனகினால் உடனே பார்க்க வேண்டும் என்பதை இந்த வழக்கில்தான் கற்றேன். மாலைக்குள் குழந்தை ஐசியூவில். முதுகுத்தண்டு நீரில் கிருமி. மூளைக்காய்ச்சல். இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி மருந்து. பிழைத்துவிட்டான். நான்கு மாதம் கழித்துப் பெரா டெஸ்ட் எடுத்தபோது இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் இழப்பு என்று வந்தது.

புகார் கொடுக்க அன்றைய சட்டத்தின் 24-ஏ பிரிவு இரண்டு ஆண்டு கெடு வைத்திருந்தது. அது முடியச் சில வாரங்களே இருந்தன. குடும்பம் முதலில் கேட்டது போலீஸ் புகார். வேண்டாம் என்றேன். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு தெளிவானது: மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும். அந்தக் கோடு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த வழக்கில் யாரும் மனமறிந்து அலட்சியமாக இருக்கவில்லை. குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் செலவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதற்குரிய இடம் நுகர்வோர் மன்றம்.

ஜிபிஎஸ் என்பது 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா. குடலிலும் பிறப்புறுப்பிலும் சாதுவாகக் குடியிருக்கும். சுமக்கும் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால்தான் ஆபத்து. மருந்து கொடுக்காவிட்டால், சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிக்குக் கிருமி ஒட்டிக்கொள்ளும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகள் நோயில் விழும். நுரையீரல், ரத்தம், மூளை. பெரும்பாலும் முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்.

அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கடைசி வாரங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கிருமி இருந்தால் பிரசவ வலியின்போது நரம்பு வழியாகப் பென்சிலின். அங்கே பிறந்த முதல் வாரத்தில் வரும் இந்த நோய், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.7 என்ற அளவில் இருந்தது, பிறகு 0.25 அளவுக்குக் குறைந்தது. பிரிட்டனிலோ எல்லோருக்கும் பரிசோதனை என்ற முறை இல்லை; ஆபத்துக் காரணிகள் உள்ள பெண்களுக்கு மட்டும் மருந்து. இந்தியாவிலும் எல்லோருக்கும் கட்டாயம் என்ற விதி கிடையாது. இங்கே பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் கிருமிகளே பெரும்பாலும் வேறு. டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த பெரிய ஆய்வில் முன்னணியில் இருந்தவை அசினிட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினிட்டோபாக்டரில் ஐந்தில் நான்கு பங்கு, பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதவை.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெண்ணின் கணவர் இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். "அமெரிக்காவுல கட்டாயமாம் மேடம், இவங்க ஒழுங்கா பண்ணலைன்னு போடுங்க" என்றார். அப்படிப் போட்டால் வழக்கு முதல் வாய்தாவிலேயே சாய்ந்துவிடும். பரிசோதனையே செய்யாத மருத்துவமனை மீது இந்தியாவில் இதைக் கேட்க முடியாது. இவர்களோ செய்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு, சரியான வாரத்தில், சரியான முறையில் செய்திருக்கிறார்கள். செய்த பரிசோதனையின் முடிவு பிரசவ அறைக்குப் போய்ச் சேர்ந்ததா? நான் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். எந்த நாட்டு வழிகாட்டுதலும் இல்லாமலே கேட்கக்கூடிய கேள்வி.

கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியிருந்தது. அதனால் வலி எடுத்த இரவில் பணியில் இருந்த மருத்துவர் பென்சிலினுக்குப் பதில் கிளிண்டாமைசின் கொடுத்திருக்கிறார். 900 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். எதிர்தரப்பின் பதில் மனு முழுவதும் இதன் மேல்தான் நின்றது: கிருமி இருப்பது தெரியும், அலர்ஜி இருப்பது தெரியும், மாற்று மருந்தை உரிய அளவில் உரிய நேரத்தில் கொடுத்தோம், இதற்கு மேல் ஒரு மருத்துவமனை என்ன செய்ய முடியும்?

மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பதில். அதனால்தான் நகல்களில் இல்லாத அந்தச் சென்சிடிவிட்டி முடிவு எனக்கு வேண்டியிருந்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை. கேட்டிருந்தோம், கொடுத்திருந்தார்கள். அவர்கள் கோப்பில் இருந்தது அவ்வளவுதான். ஆகவே ஆய்வகப் பதிவேட்டையும், மாதிரியோடு அனுப்பிய படிவத்தையும் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு மன்றத்தில் தனி மனு போட்டேன். தேவையற்ற இழுத்தடிப்பு என்று எதிர்த்தார்கள். மன்றத் தலைவர் பில்லை வாங்கிப் பார்த்தார். "காசு வாங்கியிருக்கீங்களே, ரிப்போர்ட்டைக் கொடுத்துடுங்க" என்றார். மனு அனுமதிக்கப்பட்டது.

வந்தது. இரண்டு பக்க ரிப்போர்ட். முதல் பக்கம் 'ஜிபிஎஸ் வளர்ந்துள்ளது'. இரண்டாம் பக்கம் மருந்துப் பட்டியல். பென்சிலின்: எஸ். செஃபசோலின்: எஸ். வான்கோமைசின்: எஸ். எரித்ரோமைசின்: ஆர். கிளிண்டாமைசின்: ஆர்.

எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. ஒன்பது மணி நேரம் அந்தப் பெண்ணின் உடம்பில் ஏறிய மருந்து, வயிற்றில் இருந்த குழந்தையைக் காக்க முடியாத மருந்து. அது மூன்று வாரம் முன்பே அதே கட்டடத்தில் அச்சாகியிருந்தது.

கூடவே வந்த படிவம்தான் என்னை அதிகம் கலங்க வைத்தது. வெளிநோயாளிப் பிரிவில் அவரைத் தொடர்ந்து பார்த்துவந்த பெண் மருத்துவர் தன் கையால் எழுதியிருந்தார்: 'பென்சிலின் அலர்ஜி உள்ளது. கிளிண்டாமைசின் சென்சிடிவிட்டி அவசியம் பார்க்கவும்.' எத்தனை கவனமான மருத்துவர்! பல இடங்களில் இந்த ஒரு வரியை எழுத மாட்டார்கள். எழுதாவிட்டால் ஆய்வகமும் பார்க்காது. அவர் எழுதினார், ஆய்வகம் பார்த்தது, முடிவு வந்தது. அதைக் கோப்பில் சேர்த்தவர் முதல் பக்கத்தை மட்டும் சேர்த்தார். அந்த மருத்துவர் இரண்டாம் எதிர்மனுதாரர். குறுக்கு விசாரணையில் படிவத்தைக் காட்டி "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டேன். பார்த்தார். ஆமாம் என்றார். அவரிடம் அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இருந்தவை எல்லாம் நிர்வாகத்திடம்.

எங்கள் தரப்பு நிபுணர், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர். மன்றத்துக்கு ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தார். கிருமி வளர்த்த தட்டில் எரித்ரோமைசின் வில்லையும் கிளிண்டாமைசின் வில்லையும் பக்கம் பக்கமாக. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். சில கிருமிகளில் கிளிண்டாமைசினைச் சுற்றிய வட்டம் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில 'டி' எழுத்தைப் போல ஆகிவிடும். எரித்ரோமைசின் பட்டதும் கிருமிக்குள் உறங்கும் எதிர்ப்பு மரபணு விழித்துக்கொள்கிறது. இரண்டு மருந்தும் கிருமிக்குள் தாக்கும் இடம் ஒன்றே. அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் இரண்டும் செல்லாது. வெறுமனே கிளிண்டாமைசின் வில்லையை மட்டும் பார்த்திருந்தால் வேலை செய்யும் என்று ஏமாந்திருப்போம் என்று விளக்கினார். எங்கள் ரிப்போர்ட்டில் 'டி டெஸ்ட் பாசிட்டிவ்' என்ற குறிப்பும் இருந்தது. ஆய்வகம் எவ்வளவு நேர்த்தியாகத் தன் வேலையைச் செய்திருந்தது என்பதற்கு அது சாட்சி.

இந்த எதிர்ப்பு எப்படி வந்தது என்று தலைவர் கேட்டார். வழக்குக்கு அவசியமில்லாத கேள்விதான். இருந்தாலும் நல்ல கேள்வி. "சளிக்கும் தொண்டை வலிக்கும் கடையில கேட்டு வாங்குற அசித்ரோமைசின், எரித்ரோமைசினோட குடும்பம்தாங்க ஐயா. ஒண்ணுக்குப் பழகுன கிருமி மத்ததுக்கும் பழகிடும். பென்சிலின் மட்டும் இந்தக் கிருமிகிட்ட இன்னும் தோற்கல" என்றார் பேராசிரியர். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல். இத்தனை காலம் கழித்தும் இந்தக் கிருமி அதற்கு அடங்குகிறது என்பது தாய்மாருக்குக் கிடைத்திருக்கும் பெரும் வரம்.

அந்த வரம் இந்தப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது எதனால்? 'பென்சிலின் அலர்ஜி' என்ற இரண்டு சொல்லால். அது எங்கிருந்து வந்தது என்று அவர் அம்மாவிடம் கேட்டேன்.

"இவளுக்கு ஆறு வயசிருக்கும் வக்கீலம்மா. காய்ச்சல்னு ஊசி போட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு தரம் வாந்தி எடுத்தா. மறுநாள் போய்ச் சொன்னேன். அந்த டாக்டரு, இது பென்சிலின் ஊசி, இவளுக்கு ஆகாதுன்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. அதுலருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மறக்காம சொல்லிடுவேன்."

உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா? எதுவும் இல்லை. வாந்தி, அவ்வளவுதான். வாந்தி அலர்ஜி அல்ல. பென்சிலின் ஒவ்வாமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. அன்று நடப்பில் இருந்த 2010-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலும் இதைப் பிரித்தே பேசுகிறது: கடும் ஒவ்வாமை வந்த வரலாறு இல்லாதவருக்குச் செஃபசோலின், வரலாறு உள்ளவருக்குக் கிளிண்டாமைசின், அதுவும் கிருமி அதற்குக் கட்டுப்படும் என்று ரிப்போர்ட் சொன்னால் மட்டும், இல்லாவிட்டால் வான்கோமைசின். எந்த வழியில் போயிருந்தாலும் அன்றிரவு கிளிண்டாமைசினுக்கு இடமில்லை.

அந்த அம்மா என் முன்னால் அழுதார். "நான் சொன்னதாலதான மாத்தி மருந்து குடுத்தாங்க? நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?" என்றார். எனக்கு அந்த வழக்கிலேயே தாங்க முடியாத நேரம் அதுதான். "அம்மா, நீங்க சொன்னது சரி. எந்தத் தாயும் சொல்லத்தான் வேணும். என்ன ஆச்சுன்னு திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது அவங்க" என்று சொன்னேன். பிறகு அதையே மன்றத்தில் பணி மருத்துவரிடம் கேள்வியாக வைத்தேன். "அலர்ஜி என்றால் என்ன நடந்தது என்று கேட்டீர்களா?" "கோப்பில் எழுதியிருந்தது, கேட்கவில்லை" என்றார். நேர்மையான பதில்.

எதிர்தரப்பில் வாதாடியவர் மூத்த வழக்கறிஞர். இரண்டு வலுவான வாதங்களை வைத்தார். முதலாவது, கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நோய் வருவது நூற்றில் ஒன்றிரண்டு. இந்தக் குழந்தைக்கு வந்த கிருமி தாயிடமிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? எங்களிடம் ஆதாரம் இருந்தது, அதுவும் அவர்கள் ஆய்வகத்திலிருந்தே. குழந்தையின் முதுகுத்தண்டு நீரில் வளர்ந்ததும் ஜிபிஎஸ். எரித்ரோமைசின்: ஆர். கிளிண்டாமைசின்: ஆர். மற்றவை எல்லாம் எஸ். தாயின் பட்டியல் அப்படியே. மரபணுச் சோதனை செய்யாமல் இரண்டும் ஒரே வித்து என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது என்று எங்கள் பேராசிரியரே ஒப்புக்கொண்டார். அவர் அப்படி ஒப்புக்கொண்டதுதான் அவர் சாட்சியத்துக்கு மதிப்பைக் கூட்டியது. உரிமையியல் வழக்கில் நூறு சதவீதம் கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல்.

இரண்டாவது வாதம் கனமானது. காது போனது மூளைக்காய்ச்சலால் அல்ல, ஐசியூவில் கொடுத்த ஜென்டமைசினால் இருக்கலாம். அந்த வகை மருந்துகள் செவியைப் பாதிக்கும். உயிரைக் காக்கக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவுக்கு மருத்துவர் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவர் காட்டியது 2009-ஆம் ஆண்டு மார்ட்டின் டிசூசா தீர்ப்பு. சிறுநீரகம் செயலிழந்த நோயாளிக்கு அமிகாசின் கொடுத்து, செவித்திறன் போய், தேசிய ஆணையம் இழப்பீடு கொடுத்து, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த வழக்கு.

அந்தத் தீர்ப்பை அன்றிரவு மறுபடி முழுவதும் படித்தேன். அந்த மருத்துவர் அமிகாசினை ஏன் தேர்ந்தெடுத்தார்? நோயாளியின் சிறுநீர்க் கல்ச்சரில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. கட்டுப்பட்ட மருந்துகளில் இன்னொன்றை அந்தச் சிறுநீரகத்துக்குக் கொடுக்க முடியாது. மிஞ்சியது அமிகாசின். அதாவது அந்த மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்தார். படித்து, அதன்படி நடந்தார். மறுநாள் என் வாதத்தை அங்கிருந்தே தொடங்கினேன். "கற்றறிந்த மூத்த வழக்கறிஞர் காட்டிய தீர்ப்பு எங்கள் தரப்புத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டின்படி மருந்து கொடுத்தவரை. இங்கே ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. ஜென்டமைசின் தேவைப்பட்டதே அந்த நோய் வந்ததால்தான். காது எதனால் போயிருந்தாலும் சங்கிலியின் முதல் கண்ணி ஒன்றுதான்." தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டார். மூத்த வழக்கறிஞர் இடைமறிக்கவில்லை.

மற்றவை சுருக்கம். பொறுப்பை மருத்துவமனை மீது வைக்க 2004-ஆம் ஆண்டு சவிதா கர்க் தீர்ப்பு உதவியது: அடிப்படைக் குறையை நோயாளி காட்டிவிட்டால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமை மருத்துவமனைக்கு. குழந்தை, பெற்றோர் இரு தரப்பும் நுகர்வோரே என்பது 1998-இலேயே ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் முடிந்த விஷயம். அந்த வழக்கும் ஒரு குழந்தைக்கு மருந்து மாறிப்போன வழக்குதான். உத்தரவில் மருத்துவமனையின் சேவைக் குறைபாடு நிரூபணமானது. இரண்டு மருத்துவர்கள் மீதும் தனிப்பட்ட பொறுப்பு வைக்கப்படவில்லை. அதை எதிர்த்து நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை, அது நியாயமான முடிவு என்பது என் கருத்து. கேட்ட தொகை முழுவதும் கிடைக்கவில்லை. மருத்துவமனை மாநில ஆணையத்துக்குப் போய், பிறகு சமரசத்துக்கு வந்தது. சமரச ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லி அந்தப் பெண் பிடிவாதமாக நின்றார்: கிருமி பாசிட்டிவ் என்று வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியலோடு முழு ரிப்போர்ட்டையும் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார். மருத்துவமனை ஒப்புக்கொண்டது.

குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் அழைத்துப் போனவர் பாட்டி.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் மீண்டும் கருவுற்றபோது தொலைபேசியில் அழைத்தார். முதல் குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தால் அடுத்த பிரசவத்தில் பஞ்சுக்குச்சிப் பரிசோதனையே தேவையில்லை, நேரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை அவரே எனக்குச் சொன்னார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்து, ஏழாம் மாதத்தில் பென்சிலினுக்குத் தோல் பரிசோதனை செய்துகொண்டார். ஒவ்வாமை இல்லை. கேஸ் அட்டையில் இருந்த 'பென்சிலின் அலர்ஜி' என்ற வரியை மருத்துவர் அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டார். வலி எடுத்ததும் பென்சிலின் ஏற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார்கள்.